உதிரும் முடியில் ஒட்டும் இழை: ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் எப்படி வேலை செய்கிறது?

ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்பதைத்தான். பசையின் தரம், இழையின் ரகம், பார்லரின் பெயர் என்று எதையாவது வைத்து அதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையான பதில் நம் கண்ணிலேயே இருக்கிறது. உங்கள் சொந்த இமை முடி எவ்வளவு நாள் இமையில் நிற்கிறதோ, அதிகபட்சம் அவ்வளவு நாள்தான் அதன்மேல் ஒட்டிய இழையும் நிற்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பார்லரில் சொல்லப்படும் விதிகளில் எது அவசியம், எது வெறும் பழக்கம் என்று நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன? விசேஷங்களுக்கு ஒட்டிக்கொண்டு ராத்திரி பிய்த்துப்போடும் பட்டை ஐலாஷ் வேறு. அது இமைத் தோலின்மேல் ஒட்டப்படுகிறது. எக்ஸ்டென்ஷனில் ஒவ்வொரு இமை முடியையும் தனியாகப் பிரித்து, அதன்மேல் ஒரு மெல்லிய செயற்கை இழையை ஒட்டுகிறார்கள். தோலில் பசை படவே கூடாது. இழையின் அடிப்பகுதி இமை விளிம்பிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் தொடங்க வேண்டும். குளித்தாலும் தூங்கினாலும் இழை இருக்கும் இடத்தில் இருக்கும். மஸ்காரா தேவைப்படாது.

இமை முடியின் ஆயுள்

மேல் இமையில் ஏறக்குறைய 90 முதல் 150 முடிகள் இருக்கும். கீழ் இமையில் 70, 80. மேல் இமை முடியின் நீளம் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர். தலைமுடி வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும்; இமை முடிக்கு அந்த வாய்ப்பில்லை. சில வாரங்கள் மட்டுமே வளரும், பிறகு வளர்ச்சி நின்று வேர் சுருங்கும், அப்படியே மாதக்கணக்கில் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அந்த இடத்தில் புதிய முடி முளைக்கும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் இந்தச் சுற்றில் இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து முடிகளில் ஒன்று இப்போதுதான் முளைத்த குட்டியாக இருக்கும், இன்னொன்று நாளை உதிரப்போவதாக இருக்கும்.

ஆகவே தினமும் சில முடிகள் உதிர்வது இயல்பு. சாதாரண நாட்களில் அது நம் கண்ணில் படுவதில்லை. எக்ஸ்டென்ஷன் போட்ட பிறகு அதே முடி, மேலே கறுத்த நீளமான இழையோடு தலையணையில் கிடக்கும்போது மனம் பதறுகிறது. இரண்டு கண்களிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 முடி உதிர்வதாக வைத்துக்கொண்டால், 3 வாரத்தில் 63 இழைகள் போய்விடும். இரண்டு கண்ணுக்குமாக 200 இழைகள் ஒட்டியிருந்தால் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 2 முதல் 3 வாரத்துக்கு ஒருமுறை 'ரீஃபில்', அதாவது உதிர்ந்ததற்குப் பதில் புதிய இழை ஒட்டுவது, செய்யச் சொல்வது இதனால்தான். எவ்வளவு உயர்ந்த பசையாக இருந்தாலும் உதிரும் முடியைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது. "இரண்டு மாதம் அப்படியே இருக்கும்" என்று யாராவது உறுதி சொன்னால், அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இதே சுற்றுதான் எக்ஸ்டென்ஷனின் மிக முக்கியமான விதியையும் தருகிறது: ஒரு இழை, ஒரே ஒரு இயற்கை முடியில்தான் ஒட்ட வேண்டும். அவசரத்தில் இரண்டு முடிகள் சேர்ந்து ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஒன்று வளர்ந்து மேலே போகப் பார்க்கும். ஓய்வில் இருக்கும் மற்றொன்று அதை இழுத்துப் பிடிக்கும். ஓரிரு நாளில் இமையில் சுருக் சுருக்கென்ற வலி தெரியும். இழுப்பு தொடர்ந்தால் வளர வேண்டிய முடி முன்கூட்டியே பிடுங்கப்படும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் வேரே பழுதாகி அந்த இடத்தில் முடி முளைக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. எக்ஸ்டென்ஷன் போட்டதால் சொந்த இமை முடி கொட்டிப்போனது என்று சொல்பவர்களின் கதையில் பெரும்பாலும் இந்தத் தவறோ, தாங்க முடியாத எடையோ, தானாகப் பிய்த்து எடுத்ததோ இருக்கும். முறையாகச் செய்தால் சொந்த முடி தன் காலத்தை முடித்துக்கொண்டு தானாகத்தான் விழும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

எக்ஸ்டென்ஷன் பசைகள் ஏறக்குறைய எல்லாமே சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. வீட்டில் உடைந்த பொருளை ஒட்டும் சூப்பர் க்ளூவும் இதே குடும்பம். 1942-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர் வேறொரு வேலைக்காக ஆராய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்ட பொருள் இது. 1958-இல் பசையாக விற்பனைக்கு வந்தது. இதைக் கேட்டதும் கண்ணருகே சூப்பர் க்ளூவா என்று அஞ்ச வேண்டியதில்லை. இதே குடும்பத்தின் சில வகைகளைக் காயத்தை மூடும் மருத்துவப் பசையாகவும் பயன்படுத்துகிறார்கள். அதற்காக அசட்டையாக இருக்கவும் கூடாது. கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் பயன்படும் பொருள் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டுதான் படுக்கையில் படுக்க வேண்டும்.

இந்தப் பசை காய்வது ஈரத்தால். நீர் ஆவியாகிக் காயும் பசை அல்ல இது. காற்றில் இருக்கும் ஈரப்பதத்தைத் தொட்டவுடன் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகின்றன. அறை மிக வறண்டிருந்தால் இறுகத் தாமதமாகும். ஈரம் அதிகமென்றால் முடியில் வைப்பதற்குள் இறுகிவிடும். தேர்ந்த ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில் வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவியை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இறுகும்போது கொஞ்சம் ஆவியும் கிளம்பும். நம் கண்ணின் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருப்பதால் ஆவி அங்கே போய் எரிச்சலூட்டும். வேலை நடக்கும் ஒன்றரை முதல் மூன்று மணி நேரமும் கண்ணை முழுவதுமாக மூடியிருக்கச் சொல்வதன் காரணம் இதுதான். சிறிது திறந்திருந்தாலும் வெள்ளைவிழி சிவந்து, எரிந்து, நீர் வடியும். நடுவில் கண் எரிந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே உதவாது. பசையே கண்ணுக்குள் போனால் உடனே சுத்தமான நீரால் நீண்ட நேரம் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது மிகவும் தேவை. எரிச்சல் என்பது அன்றைக்கே வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஆவி பட்டதோ, கண்ணுக்கடியில் வைத்த பேட் உள்ளே நகர்ந்து உரசியதோ காரணமாக இருக்கும். ஒவ்வாமையில் அன்று மாலை வரை ஒன்றுமே தெரியாமல், மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டு இமைகளும் வீங்கி, சிவந்து, தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். உடலின் பாதுகாப்பு அமைப்பு சயனோஅக்ரிலேட்டை எதிரியாகப் பதிவு செய்துகொண்டது என்று பொருள். பதிந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும், ஒவ்வொரு முறையும் கடுமை கூடலாம். பல மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் போட்டுக்கொண்டவருக்கும் திடீரென்று வரலாம். அப்படி வந்தால் மாத்திரை விழுங்கிவிட்டு அடுத்த ரீஃபில்லுக்குப் போவது தவறு. இழைகளை முறையாக எடுத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அத்தோடு எக்ஸ்டென்ஷனுக்கும் விடை கொடுக்க வேண்டும்.

2012-இல் 'கார்னியா' என்ற கண் மருத்துவ இதழில் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எக்ஸ்டென்ஷன் போட்டபின் கண் தொந்தரவோடு வந்த 107 பெண்களில் 64 பேருக்குக் கருவிழியிலும் வெண்படலத்திலும் அழற்சி இருந்தது. 42 பேருக்கு இமையில் ஒவ்வாமை அழற்சி. இவர்கள் எல்லோரும் பாதிப்போடு மருத்துவரைத் தேடி வந்தவர்கள், ஆகவே போடும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இதற்குப் பொருள் இல்லை. தொந்தரவு வரும்போது அது எந்தெந்த வழியில் வருகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பேட்ச் டெஸ்ட் இல்லாமல் போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுவே காரணம். முழுவதும் போடுவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே, கண்ணின் வெளி ஓரத்தில் சில இழைகளை மட்டும் அதே பசையால் ஒட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வாமை தாமதமாகத்தான் தலைகாட்டும் என்பதால், ஒட்டி அரைமணி நேரம் காத்திருந்து பார்க்கும் சோதனை சோதனையே அல்ல. டெஸ்டில் ஒன்றும் வரவில்லை என்றாலும் பிற்பாடு வராது என்ற உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள ஒருவர் 200 இழைகளோடு வீங்கிய கண்ணில் அவதிப்படுவதை இது தடுக்கும். "எங்கள் பசை ஒன்றும் செய்யாது, டெஸ்ட் தேவையில்லை" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

சிலர் டெஸ்ட்டுக்கே போக வேண்டாம். இமை அழற்சி, கண் கட்டி, கண் சிவப்பு நோய் இருக்கும்போது கூடாது. லேசிக் போன்ற கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதிக நாள் ஆகவில்லை என்றாலோ, கண்ணுக்குத் தொடர்ந்து சொட்டு மருந்து விடுபவராக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். தீராத கண் வறட்சி உள்ளவர்களும் அப்படியே. இமை முடியைப் பிய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அந்தப் பழக்கத்தைத் தூண்டிவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் போட்டுக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பார்லரில் மிங்க், சில்க் என்ற பெயர்களைக் கேட்பீர்கள். பெரும்பாலும் எல்லாமே பிபிடி எனப்படும் ஒரே செயற்கை இழைதான். பளபளப்பும் முனை கூராகும் விதமும்தான் மாறும். உண்மையான விலங்கு முடியாலானவையும் விற்பனையில் உண்டு, விலங்கு முடி ஒவ்வாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மூன்று: வளைவு, நீளம், தடிமன். வளைவை எழுத்துகளால் குறிப்பார்கள். ஜே, பி மெல்லிய வளைவு. சி நன்றாகத் தெரியும் வளைவு. டி இன்னும் தூக்கலானது. சொந்த முடி நேராகக் கீழ்நோக்கி இருப்பவர்களுக்குத் தட்டையான அடிப்பகுதியோடு மேலே மடங்கும் எல் வளைவு பொருந்தும்.

நீளத்தில்தான் முதல்முறை போடுபவர்கள் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். சொந்த முடியைவிட 2, 3 மில்லிமீட்டர் கூடுதல் போதும். இமை முடி வெறும் அழகுக்காக இல்லை. கண்ணின்மேல் காற்று நேராக மோதாமல் திருப்பிவிட்டு, ஈரம் வற்றாமலும் தூசி படாமலும் காக்கிறது. 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளை அளந்து பார்த்தபோது, இமை முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருப்பதைக் கண்டார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்ததில், அந்த அளவைத் தாண்டி நீளம் கூடியபோது முடி காற்றைக் கண்ணை நோக்கியே திருப்பத் தொடங்கியது. ஏற்கெனவே கண் உலர்ந்துபோகிறது என்பவர்கள் மிக நீளமான இழையைத் தவிர்க்க இது நல்ல காரணம்.

தடிமனில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 0.10 மில்லிமீட்டர் இழையைவிட 0.20 மில்லிமீட்டர் இழை இரண்டு மடங்கு கனமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் எடை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தடிமன் இருமடங்கானால் எடை நான்கு மடங்காகிறது. கிளாசிக், வால்யூம் என்ற இரண்டு முறைகளின் வேறுபாடும் இங்கேதான் புரியும். கிளாசிக் என்றால் ஒரு முடிக்கு ஒரு தடித்த இழை. வால்யூம் என்றால் மிக மெல்லிய இழைகள் சிலவற்றை விசிறிபோல விரித்து ஒரே முடியில் ஒட்டுவது. 0.05 இழைகள் ஐந்து சேர்ந்தாலும் ஒரே ஒரு 0.15 இழையின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். ஆக, அடர்த்தியாகத் தெரிவதெல்லாம் கனம் அல்ல. தடித்த இழைகளைக் கொத்தாக ஒட்டுவதுதான் முடிக்குக் கேடு. முடிச்சுப் போட்ட ரெடிமேட் கொத்துகளை நாலைந்து முடிகள்மேல் சேர்த்து ஒட்டிவிட்டு அதையும் எக்ஸ்டென்ஷன் என்று சொல்லும் இடங்கள் உண்டு. விரைவில் முடியும், செலவும் குறையும். முன்னே சொன்ன இழுப்பு அத்தனையும் நேரும். கிளாசிக்கும் வால்யூமும் கலந்தது ஹைப்ரிட். முதல்முறை என்றால் சி வளைவில், அதிக நீளமில்லாத கிளாசிக் போடச் சொல்வேன். கண் அதற்குப் பழகுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த முறை மற்றதை யோசிக்கலாம்.

அந்த இரண்டு மணி நேரம்

மேக்கப், எண்ணெய்ப் பசை எதுவும் இல்லாத கண்ணோடு போக வேண்டும். மை, மஸ்காரா எல்லாவற்றையும் முந்தின நாளே சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கீழ் இமை முடியை ஜெல் பேட் வைத்து மூடுவார்கள். மேல் இமை முடியைச் சுத்தம் செய்தபின் இரண்டு ட்வீசர்களோடு வேலை தொடங்கும். ஒரு ட்வீசர் முடிகளை விலக்கி ஒன்றை மட்டும் தனிமைப்படுத்தும். மற்றொன்று இழையை எடுத்துப் பசையில் தொட்டு அந்த முடியின்மேல் படுக்க வைக்கும். வயலில் நாற்று நடுபவர் ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து ஊன்றுவதைப் போன்ற பொறுமை வேண்டும் இதற்கு. இரண்டு கண்ணையும் அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறேன் என்பவர் முடிகளைத் தனியாகப் பிரிக்கப் போவதில்லை.

ட்வீசரைக் கிருமிநீக்கம் செய்கிறார்களா, பிரஷ் புதிதாகப் பிரிக்கப்பட்டதா, அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று படுப்பதற்கு முன்பே பாருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். வேலை முடிந்ததும் கண்ணாடியில் நீளத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் நாலைந்து முறை மெதுவாக இமைத்துப் பாருங்கள். எங்கேயாவது குத்தினாலோ, ஒரு புள்ளியில் இழுத்தாலோ அங்கே முடிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கேயே பிரித்துவிடச் சொல்லுங்கள். "நாளைக்குச் சரியாகிவிடும்" என்பது நடக்காது. நன்றாகப் போட்ட எக்ஸ்டென்ஷன் கண்ணில் இருப்பதே தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் நீராவி, சூடான நீர், நீச்சல் வேண்டாம் என்பார்கள். பசை தொட்ட சில நொடிகளில் மேலே இறுகினாலும் முழு வலிமை அடைய நேரம் எடுக்கும். உங்களுக்குப் போட்ட பசைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டு அதன்படி நடந்தால் போதும்.

அதற்குப் பிறகு மிகப் பெரிய தவறு ஒன்றைப் பலர் செய்கிறார்கள். இழை உதிர்ந்துவிடும் என்று பயந்து வாரக்கணக்கில் கண்ணைக் கழுவாமலே இருக்கிறார்கள். இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெயும் இறந்த தோலும் மேக்கப்பும் இழைகளின் அடியில் சேர்ந்தால் இமை சிவந்து, பொருக்குத் தட்டி, அரிக்கும். டெமோடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சிகள் பெரியவர்கள் பலரின் இமையில் இயல்பாகவே வாழ்கின்றன. அழுக்கு சேரும் இடத்தில் அவை பெருகும். எண்ணெயும் பசையைத் தளர்த்தும். ஆக, கழுவாமல் விட்டால் இழையும் சீக்கிரம் விழும், இமையும் கெடும். எண்ணெய் கலக்காத ஐலாஷ் ஃபோமை மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, தினமும் ஒருமுறை இமை விளிம்பை மென்மையாகக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உலர்ந்தபின் சுருள் பிரஷ்ஷால் வாரிவிட்டால் போதும்.

கண்ணைக் கசக்காதீர்கள், குப்புறப் படுத்தால் ஒரு பக்கம் சீக்கிரம் காலியாகும். மஸ்காரா போட வேண்டாம், குறிப்பாக வாட்டர்ப்ரூஃப். அதை எடுக்க எண்ணெய் கலந்த ரிமூவர் தேவைப்படும். ஐலாஷ் கர்லர் இழையை முறித்து, அடியில் இருக்கும் சொந்த முடியையும் சேர்த்து உடைக்கும்.

எடுப்பது எப்படி

போதும் என்று தோன்றினால் இரண்டு வழிகள். ரீஃபில் செய்யாமல் விட்டால் சொந்த முடியோடு ஒவ்வொன்றாக விழுந்து சில வாரங்களில் குறைந்துவிடும். நடுவில் கொஞ்ச நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். உடனே எடுக்க வேண்டுமானால் பார்லரில் க்ரீம் வடிவ ரிமூவரைப் பசையிருக்கும் இடத்தில் தடவி, சில நிமிடங்களில் இழை வழுக்கிவரும்படி செய்வார்கள். விரலால் இழுத்தால் இழையோடு வேரிலிருந்து முடியும் வரும். நகப்பூச்சு ரிமூவரைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

எடுத்த அன்று கண்ணாடியில் சொந்த இமை முடி மிகவும் குட்டையாக, அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். வாரக்கணக்கில் நீளமான கறுத்த இழைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். பாதிப்பு என்று பயந்துவிட வேண்டாம். போடுவதற்கு முன் மேக்கப் இல்லாமல் எடுத்த படம் ஒன்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆகவே பார்லருக்குப் போகும் முன்பே ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே இடைவெளி விழுந்திருந்தாலோ முனைகள் உடைந்திருந்தாலோ, அடுத்த செட்டை மறந்துவிட்டு முடிக்கு அதன் முழுச் சுற்றை முடிக்க நேரம் கொடுங்கள். அது வாரங்களில் நடக்காது, மாதங்கள் ஆகும். அதன் பிறகும் ஓரிடம் வெறுமையாகவே இருந்தால் தோல் மருத்துவரிடமோ கண் மருத்துவரிடமோ காட்டுங்கள்.